யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?

"அக்கா, நாளைக்குக் கன்னியாகுமரியா, பத்மநாபபுரமா?"

மகள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மாள் நான் வந்து இறங்கிய அன்று மாலையே கேட்டார். இரண்டும் இல்லை, நாகர்கோவிலைத்தான் சுற்றிப் பார்க்கப் போகிறேன், அதுவும் நடந்தே என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. "இங்கே பார்க்க என்ன இருக்கிறது அக்கா?" என்றவர், அடுத்த மூச்சில் என் மகளிடம் திரும்பி, "மக்களே, அம்மாவுக்கு முட்டுவலி எதுவும் இல்லையே?" என்று கேட்டார். இந்த ஊரில் ஒருவரைப் பிள்ளையாகப் பாவித்துக் கூப்பிடும் சொல் மக்களே.

மகள் இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாள். இராமவர்மபுரத்தில் மாடி வீடு. எனக்கு ஐந்து நாட்கள் கையில் இருந்தன. ஆனி மாதம். சாரல் பத்து நிமிடம் தூறும், அரை மணி நேரம் ஓயும். திருச்சி வெயிலில் அறுபது ஆண்டுகள் வெந்தவளுக்கு இந்தக் காற்று கிடைக்கும்போது வீட்டுக்குள் உட்கார மனம் வருமா?

உண்மைக் காரணம் வேறு. திருச்சி ஆர்.எம்.எஸ் என்ற ரயில்வே தபால் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தபால் பிரித்தவள் நான். 629 என்று தொடங்கும் பின்கோடு கட்டுகளை எத்தனை ஆயிரம் முறை தொட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 629001 நாகர்கோவில், 629002 கோட்டாறு. மற்ற மாவட்டத்து முகவரிகளைக் கை தானாகப் பிரித்துவிடும். இந்த மாவட்டத்து முகவரிகளில் மட்டும் கண் ஒரு நொடி நிற்கும். எங்கள் பக்கம் பேட்டை, பாளையம், பட்டி என்று முடியும். இங்கே வேப்பமூடு, வெட்டூர்ணிமடம், ஒழுகினசேரி, செட்டிகுளம், கட்டையன்விளை. மூடு என்றால் மரத்தின் அடி. விளை என்றால் தோப்பும் புன்செயுமான நிலம். ஒரு மரத்தடிக்கே கடிதம் போகிறதே என்று அந்தக் காலத்தில் எனக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த மரத்தடிகளை ஒரு முறை காலால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். இதை வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லியிருந்தால் அவர் கவலை இன்னும் கூடியிருக்கும்.

நாகர்கோவில் பெரிய நகரமா என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கக்கூடும். 1920இல் நகராட்சி, 2019இல் மாநகராட்சி, 52 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 2,24,849 பேர். திருச்சிக்கு முன்னால் வைத்தால் சிறியதுதான். ஆனால் நடந்து பார்த்தால் ஒன்று புரிகிறது. இது ஒரே ஊர் இல்லை. நாலைந்து பழைய ஊர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் சந்தை, ஒன்றில் அக்கிரகாரம், ஒன்றில் மிஷன் பள்ளிகள், ஒன்றில் வயல். பஸ்ஸில் போனால் எல்லாம் ஒரே கடைத்தெருவாகத் தெரியும். நடந்தால்தான் ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்கும் இடம் காலில் தட்டுப்படும். அதைவிட உறுதியான அடையாளம் ஒன்றையும் இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். எல்லை தாண்டியதும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி மாறிவிடும்.

முதல் நாள் மணிமேடையில் தொடங்கினேன். 1893இல், இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தபோது, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்த மணிக்கூண்டு. நான்கு பக்கமும் வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டு அதைச் சுற்றிப் போகின்றன. நின்று பார்க்க நினைத்தால் நிற்க இடமில்லை. இந்த நகரத்தைப் பற்றி எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். நடப்பவருக்கு என்று ஒரு முழம் இடம் பல சாலைகளில் விடப்படவில்லை. இருக்கும் இடத்தில் பைக் நிற்கிறது, பைக் இல்லாத இடத்தில் வாழைத்தார் சாய்த்து வைத்திருக்கிறது. வாழைத்தாரை மன்னித்துவிடலாம். செந்துளுவன், மட்டி, ஏத்தன், ரசகதலி, பேயன் என்று ஒரே கடை வாசலில் ஐந்து நிறத்தில் தொங்குவதைப் பார்த்தபின் யாருக்கும் கோபம் நிற்காது.

அங்கிருந்து மிஷன் பக்கம் போனேன். கஸ்பா ஆலயம் என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்கு 1819இல் அடிக்கல் வைத்தார்கள். இருநூறு ஆண்டு கடந்த அந்தக் கோயிலின் தூண்களை வெளியிலிருந்தே பார்த்தேன். சுற்றுவட்டாரம் முழுக்கப் பள்ளிக்கூட மணி. ஒரு பள்ளி வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காவலாளி அருகே வந்தார்.

"பேத்திக்கா அம்மா? எந்த வகுப்பு? அட்மிஷன் முடிந்துவிட்டதே."

சும்மா பார்க்கிறேன் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இருந்தாலும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்" என்று கேட்டைத் திறந்துவிட்டார். இல்லாத பேத்திக்காக உள்ளே போகவும் முடியாமல், திறந்த கேட்டை அவமதிக்கவும் முடியாமல் தவித்தேன். இந்தப் பக்கத்தில் வெளியூர்க்காரப் பெண் ஒருத்தி நின்றால் அவள் படிப்புக்காகத்தான் வந்திருக்க வேண்டும். அது தப்பான கணக்கும் இல்லை. 1820களிலேயே மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மாள் இங்கே பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக் கொடுத்திருக்கிறார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிவதற்கு முந்தைய காலம் அது. அந்தப் பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. 2011 கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91.75 சதவீதம், இந்த மாவட்டத்துக்கு. அதன் வேர் எங்கோ இந்தத் தெருக்களில்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாகராஜா கோயில் வாசலில் கேள்வி மாறிவிட்டது.

"தோஷம் யாருக்கு அம்மா?"

பால் விற்கும் பெண் கேட்டாள். யாருக்கும் இல்லை என்றால் வியாபாரம் கெடும், அதோடு ஏதோ துடுக்காகப் பேசியதுபோல ஆகும். "குடும்பத்துக்குப் பொதுவாக" என்று சொல்லி மஞ்சளும் பாலும் வாங்கிக்கொண்டேன். அரசமரத்தடியில் வரிசையாக நாகர் சிலைகள். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் அப்பி, பால் வழிந்து, கல்லின் சொந்த நிறமே தெரியவில்லை. ஊருக்கே பெயர் கொடுத்த தெய்வத்தின் கருவறை மேல் ஓலைக்கூரைதான். எங்கள் பக்கம் விமானம் எத்தனை நிலை, கலசம் எத்தனை என்று எண்ணிப் பழகிய எனக்கு அந்த ஓலையைப் பார்த்ததும் மனம் இளகியது. பிரசாதமாக ஈர மண் தருகிறார்கள். அந்த மண் ஆறு மாதம் கருப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் வரும் என்பது ஊராரின் நம்பிக்கை. எனக்குக் கிடைத்தது இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

முன் மண்டபத் தூண்களைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மகாவீரரும் பார்சுவநாதரும் பத்மாவதியும் அங்கே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இது சமணரின் இடம். பார்சுவநாதரின் தலைக்கு மேலும் பாம்புதான் படம் விரித்திருக்கிறது. ஆள் மாறியிருக்கிறார்கள், பாம்பு மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. கொடிமரம் நாகராஜாவுக்கு முன்னால் இல்லை, பக்கத்தில் இருக்கும் அனந்தகிருஷ்ணனுக்கு முன்னால் நிற்கிறது. தை மாதத் தேரும் அவருக்குத்தான். பெயர் ஒருவருக்கு, தேர் இன்னொருவருக்கு. அலுவலகத்தில் இப்படி நடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் மீனாட்சிபுரம் வழியாகக் கோட்டாறு போனேன். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிரேக்கர் தாலமி தன் குறிப்பில் கொட்டியாரா என்று எழுதிய ஊர். நாகர்கோவில் என்ற பெயர் நிலைப்பதற்கு எவ்வளவோ முன்பு இது வணிகத் தலம். இன்றும் சந்தைத் தெருவைக் கம்போளம் என்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. சுக்கு, புளி, வற்றல், கருப்பட்டி, அவற்றுக்கு அடியில் நனைந்த சாக்கின் மணம். சுமை இறக்குபவர்கள் "வழி, வழி" என்று முதுகில் மூட்டையோடு வருகிறார்கள். சாரல் பெய்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவதும், விட்டதும் திறப்பதும் ஒரு வேலையாகவே நடக்கிறது.

"மொத்தமா, சில்லறையா?"

ஒரு கடையில் பலகையின் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்கள். பேத்தி, தோஷம் எல்லாம் இங்கே செல்லாது. கோட்டாற்றில் நீங்கள் யார் என்பது அளவால்தான் தீர்மானமாகிறது. மிளகு என்ன விலை என்றேன், பேச்சுக்காக. "நல்லமிளகா, வற்றல்மிளகா?" என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் மிளகு என்பது இங்கே நல்லமிளகு. அப்படியென்றால் மற்ற மிளகு என்ன பாவம் செய்தது? முந்திரிப்பருப்பு இங்கே அண்டிப்பருப்பு. வாங்காமல் நகர வெட்கமாக இருந்தது. சில்லறை என்று சொல்லவும் ஏனோ கௌரவம் தடுத்தது. இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கினேன். மொத்தத்துக்கு அது போதாது, சில்லறைக்கு அது அதிகம். கடைக்காரர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் ஓலைப்பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சவேரியார் பேராலயத்துக்குப் போனேன். வாசலில் மெழுகுவர்த்தி விற்பவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நேர்ச்சையா அம்மா?" என்றார். கருப்பட்டியை யாராவது நேர்ந்துகொள்வார்களா என்று தெரியாததால் இல்லை என்று மட்டும் சொன்னேன். 1540களில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் நடந்தே திரிந்தவர் என்பது நினைவுக்கு வந்தது. அவரிடமும் யாராவது யார் வீட்டுக்கு என்று கேட்டிருப்பார்கள். உள்ளே தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்து அரசு ஊழியர், 1745இல் கிறிஸ்தவரானவர், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர், 2022இல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். நடுவில் 270 ஆண்டுகள். கல்லறைக்கு முன் ஒரு பெண் கண்ணை மூடி, கைக்குழந்தையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வெளியே மழை வலுத்தது. கிளம்ப எந்த அவசரமும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் செட்டிகுளம் சந்திப்பில் செருப்பு வார் அறுந்தது. இரண்டு கிலோ கருப்பட்டியோடு ஒற்றைச் செருப்பில் நிற்பவளுக்கு நகரம் ஆராய்ச்சிப் பொருளாக இருக்காது. குடைக்கடியில் உட்கார்ந்திருந்த தைப்பவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. செருப்பை வாங்கினார், தைத்தார், கொடுத்தார். நான்தான் கேட்டேன், "இங்கே குளம் எங்கே இருக்கிறது?" அவர் சந்திப்பு முழுவதையும் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, "பெயரில் இருக்கிறது" என்றார். பக்கத்துக் கடையில் ஒரு போஞ்சி வாங்கிக் குடித்தேன். எலுமிச்சைச் சாற்றுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாமல் இத்தனை நாள் வாழ்ந்ததற்கு வருத்தப்பட்டேன்.

மூன்றாம் நாள் வடசேரி. கனகமூலம் சந்தையில் ஒரு சுற்று, பிறகு நகை செய்யும் தெருக்கள். "நாட்டியத்துக்கா, கல்யாணத்துக்கா?" என்றார் ஒருவர், காலடியில் வெளிச்சம் விழும்படி தாழ்வாக உட்கார்ந்தபடி. சிவப்புக் கெம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தார். பரதநாட்டிய மேடைகளில் நாம் பார்க்கும் தலைசாமானும் சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும் இப்படிப்பட்ட பட்டறைகளிலிருந்து போனவை. நாகர்கோவில் கோயில் நகை என்றே புவிசார் குறியீடு உண்டு. அவர் வேலையைக் கெடுக்க மனமில்லாமல் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

அன்று மாலை ஆசாரிபள்ளம் பக்கம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம். சாயா குடிக்க ஒரு கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், தோள்பையைப் பார்த்தார், நனைந்திருந்த முந்தானையைப் பார்த்தார். "எந்த வார்டு அம்மா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "பரவாயில்லை, முதலில் நீங்கள் ஏதாவது சாப்பிடுங்கள்" என்று ரசவடை ஒன்றைக் கிண்ணத்தில் வைத்தார். "பிளாஸ்க் இருந்தால் கொடுங்கள், வெந்நீர் ஊற்றித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்."

மற்ற இடங்களில் எல்லாம் சும்மா பார்க்க வந்தேன் என்று உண்மையைச் சொல்ல முடிந்தது. இங்கே முடியவில்லை. சும்மா ஊர் சுற்ற வந்தவள் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு ரசவடையைச் சாப்பிட்டேன். "சரியாகிவிடும்" என்றார் அவர். இரவு மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கோ போக வேண்டிய கடிதத்தை என் பெட்டியில் போட்டுவிட்டார்கள், நானும் அதைப் பிரித்துப் படித்துவிட்டேன்.

வடிவீஸ்வரத்தில்தான் அந்தக் கேள்வி அதன் அசல் வடிவத்தில் வந்தது. அழகம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் ஓட்டு வீடுகள். ஒரு திண்ணையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டி தலை நிமிராமலே கேட்டார்.

"யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?"

யார் வீட்டுக்கும் இல்லை மாமி, தெருவைப் பார்த்துக்கொண்டு போகிறேன் என்றேன். இப்போது நிமிர்ந்தார். "தெருவிலே என்ன இருக்கிறது? வீட்டிலேதானே மனுஷர்கள் இருக்கிறார்கள்? வந்து உட்காருங்கள்." உட்கார்ந்தேன். வாழைப்பூவில் பாதி என் பக்கம் வந்தது. எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலை என்று வரிசையாகக் கேட்டார். பத்தே நிமிடத்தில் அவருடைய நாத்தனாரின் சம்பந்தி வீடு ஸ்ரீரங்கத்தில் நான் தினமும் பஸ் ஏறிய நிறுத்தத்துக்குப் பின்தெருவில் இருப்பது தெரிந்துவிட்டது. "அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்" என்று வழக்கை முடித்தார். தபால்காரி என்று தெரிந்ததும் அவர் அப்பா காலத்து அஞ்சல் பற்றிப் பேச்சு வந்தது. திருவிதாங்கூருக்கு என்று தனித் தபால் இருந்தது, அதற்குப் பெயரே அஞ்சல். சலங்கை கட்டிய கோலோடு ஓட்டக்காரர் வருவாராம். 1951இல் அது இந்தியத் தபாலோடு இணைந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1956 நவம்பர் முதல் தேதி, இந்தத் தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. நான் பணிப்பதிவேட்டில் அஞ்சல்துறை என்று எழுதிய சொல்லுக்கு இங்கே சலங்கைச் சத்தம் இருந்திருக்கிறது.

கடைசி நாள் ஒழுகினசேரி. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர். சோழராஜா கோயிலுக்குப் போய்விட்டுப் பழையாற்றுப் பக்கம் நடந்தேன். கடைகள் சட்டென்று தீர்ந்து வயல் வந்தது. வயலுக்கு அப்பால் மேகத்தில் பாதி மறைந்த மலை. எங்கள் ஊரிலும் மலை உண்டு, ஆனால் அதைப் பாறை என்றால்தான் பொருத்தம். இங்கே எந்தத் தெருவின் கோடியில் பார்த்தாலும் மலைத்தொடர் நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

வரப்பில் குடையோடு ஒரு பெரியவர். எண்பது இருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"மனை பார்க்கவா? இங்கே விற்பதற்கு எதுவும் இல்லை."

இல்லை ஐயா, காவிரிக் கரையிலிருந்து வருகிறேன், பயிர் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன் என்றேன். ஐந்து நாட்களில் நான் சொன்ன பதில்களில் இது ஒன்றுதான் கேட்டவருக்குப் பிடித்த பதில். "உங்கள் பக்கம் இப்போது என்ன போட்டிருக்கிறார்கள்?" குறுவை என்றேன். "இங்கே இது கன்னிப்பூ. அடுத்தது கும்பப்பூ. இரண்டு மழையும் எங்களுக்கு உண்டு" என்றார், மழையே அவர் வீட்டுச் சொத்து என்பதுபோல. பிறகு குடையின் நுனியால் தூரத்தில் சில இடங்களைக் காட்டினார். அது வயலாக இருந்தது, இது வயலாக இருந்தது, அந்த வண்ணக்கொடி நட்டிருக்கிறதே அதுவும்தான். கிளம்பும்போது, "வரப்பு வழுக்கும், பார்த்துப் போ மக்களே" என்றார். பணி ஓய்வு பெற்ற பின் என்னை யாரும் மக்களே என்று கூப்பிட்டதில்லை.

ரயில் நிலையம் கோட்டாற்றில்தான் இருக்கிறது. மகள் வழியனுப்ப வந்தாள். வீட்டுக்கார அம்மாள் ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கட்டிக் கொடுத்திருந்தார். கருப்பட்டிப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது எதிர்ச் சீட்டு அம்மாள் புன்னகைத்தார். மதுரைக்காரர். குடும்பத்தோடு மூன்று நாள் சுற்றுலா வந்தவர்.

"சூரிய உதயம் பார்த்தீர்களா?"

வண்டி நகரத் தொடங்கியிருந்தது. பேத்தி, தோஷம், மொத்தம், நேர்ச்சை, வார்டு, மனை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை.

"போனேன். ஒரே மேகம்" என்றேன்.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்று சொல்லி அவர் சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.